பன்னிரண்டாவது துண்டு

அத்தியாயம் 4

சாட்சி என்று இருந்த ஒன்றையும் சீனித்தம்பி தின்றுவிட்டான் என்பது துப்பறிவாளர் ஷரிபுதீனுக்கு அன்று பிற்பகல் மூன்றரை மணிக்குத் தெரியவந்தது. அதற்குப் பத்து நிமிடம் முன்புவரை அது சாட்சி என்பதே இருவருக்கும் தெரியாது. ஆகவே குற்றத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்பது சீனித்தம்பியின் வாதம்.

வழக்கு இதுதான்.

கல்முனையில் ஒரு வாசிகசாலை. அதன் சுவரில், சீலையில் எண்ணெய்ச் சாயத்தால் தீட்டி மாட்டிய ஒரு படம். வரிப்பத்தான்சேனை வயல், அறுவடை முடிந்த களம், நடுவில் மலைபோல் அடுக்கிய நெற்கதிர்ச் சூடு. வரைந்தவர் சித்திர ஆசிரியர் அச்சிமுகம்மது மாஸ்டர். படம் மாட்டிய சுவருக்கு அடுத்த பக்கம்தான் நோன்புக் கஞ்சி காய்ச்சும் அடுப்பு. ஜன்னலுக்குக் கதவில்லை. முப்பத்தாறு நோன்பின் புகையும் படத்தின் மேல்தான் படிந்தது. வரைந்தபோது படத்தில் நடுப்பகல். பத்து வருடத்தில் மஃரிப் நேரத்து அந்தி ஆனது, இருபதில் இஷா நேரத்து இரவு ஆனது. அதற்குப் பிறகு சூடு எது வானம் எது என்று சொல்ல முடியாத இருட்டு. மீட்டர் பார்க்க வந்த ஒருவன் அதை எரிந்துபோன சுவிட்ச் பலகை என்று கொப்பியில் எழுதிக்கொண்டு போனான்.

"வலப்பக்கம் கீழ் மூலையில என்ட பேர் கிடக்கு, புகையத் துடைச்சாத் தெரியும்" என்று மாஸ்டர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். துடைக்க யாரும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் மௌத்தானார். அவருடைய மகள் கமீலா வாசிகசாலைத் தலைவர் முஸ்தாக் ஹாஜியாரை விடாமல் நச்சரித்தாள். ஹாஜியார் கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு நிபுணரைக் கொண்டுவந்தார். பெயர் மிஸ்டர் டீன். அடையாள அட்டையில் பக்கீர் முகைதீன். அந்தப் பெயரோடு கோட் போட முடியாது என்று நினைத்திருக்க வேண்டும்.

மிஸ்டர் டீனின் முறையைக் கேட்டு ஊர் வாயைப் பிளந்தது. கடற்பாசியைக் காய்ச்சித் தட்டில் ஊற்றுவது. நோன்பு திறக்க எல்லா வீட்டிலும் செய்கிற அதே கடற்பாசிதான், சீனி மட்டும் இல்லை. அது இறுகியதும் துண்டு துண்டாக வெட்டிப் படத்தின் மேல் ஒட்டி வைப்பது. வெறும் தண்ணீரை ஊற்றினால் ஓடிப் படத்தைக் கெடுக்கும். கடற்பாசிக்குள் பூட்டி வைத்த தண்ணீர் ஓடாது, மெல்லக் கசிந்து அழுக்கை ஊறவைத்து, அதையும் இழுத்துக்கொண்டு திரும்பிவிடும். உரித்தெடுத்தால் அழுக்கு துண்டில், படம் சுத்தம். கல்முனையில் தங்கியிருந்த நாட்களில் மிஸ்டர் டீன் சொன்ன ஒரே உண்மை இதுதான்.

தின்கிற பண்டத்தைப் படத்துக்குப் பூசுவதா என்று கேட்டவர்களுக்கு ஹாஜியார், "வெளிநாட்டு முறை" என்றார். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பிறகு கேள்வி கேட்கிறவன் படிக்காதவன்.

படத்தைப் பன்னிரண்டு கட்டமாகப் பிரித்தார் மிஸ்டர் டீன். பதினொரு கட்டத்தைக் கமிட்டியார் எல்லோரும் பார்க்கத் துடைத்தார். சூடு வந்தது, வானம் வந்தது, வைக்கோலின் மஞ்சள் வந்தது. பன்னிரண்டாவது வலப்பக்கக் கீழ் மூலை. அது நுணுக்கமான இடம் என்று கதவைச் சாத்திக்கொண்டார். திறந்தபோது மூலையில் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் இருந்தது: ஈ. ஹார்க்ரீவ்ஸ். குளம் கட்ட வந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரின் மனைவி, படம் வரைகிறவர் என்று மிஸ்டர் டீனே விளக்கமும் கொடுத்தார்.

அவ்வளவுதான். சொந்த ஊர்க்காரன் வரைந்த காலமெல்லாம் சுவரின் ஈரக்கறையாக இருந்த படம், வெள்ளைக்காரி வரைந்த அந்த நிமிடத்திலிருந்து கலையாகிவிட்டது. அதுவரை அதற்கு முதுகைக் காட்டிப் பேப்பர் படித்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தார்கள். அன்று நோன்பு திறந்த பின் பெயர்ப்பலகை மாட்டும் விழா. மறுநாள் காலை படம் மிஸ்டர் டீனின் வேனில் கொழும்புக்குப் போய், அவரே விலை பேசிய ஒரு ஹோட்டலின் முன்மண்டபத்தில் தொங்கும். அச்சிமுகம்மது மாஸ்டரைப் பற்றி ஊர் சொன்னது சுருக்கமானது: வெள்ளைக்காரியின் படத்துக்குத் தன் பெயரைச் சொல்லித் திரிந்தவர்.

கமீலா அன்று மதியத் தொழுகையான லுஹருக்குப் பிறகு ஷரிபுதீனிடம் வந்து அழாமல் சொன்னாள்:

"வாப்பாக்கு வரையத் தெரியாதெண்டு சொல்லட்டும் மாமா, அது பரவால்ல. கள்ளன் எண்டு சொல்ல உடமாட்டன்."

ஷரிபுதீன் நீதிமன்றத்தில் இருபத்தெட்டு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மூன்று மொழியில் பொய் கேட்டவர். ஒரு தடவை சிங்களத்தில் சொல்லப்பட்ட ஒரு பொய்யை அவர் அவ்வளவு சுத்தமாகத் தமிழாக்கியதில், சொன்னவனே கேட்டு நம்பிவிட்டு வழக்கை வாபஸ் வாங்கினான் என்று சொல்வார்கள். ஓய்வு பெற்ற பிறகு பொய் கேட்காமல் தூக்கம் வரவில்லை என்பதால் இந்தத் தொழில். உதவியாளன் சீனித்தம்பி பாண்டிருப்புச் சைவன், ஷரிபுதீனை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்பான். அவனுடைய தகுதி ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் வாயும். இரண்டிலும் சத்தம் அதிகம். மோட்டார் சைக்கிளின் சத்தத்துக்குப் பழகிப்போன ராணுவச் சென்றிப் பொயின்ற்காரர்கள், ஒருநாள் அது சத்தமில்லாமல் வந்தபோதுதான் துவக்கைத் தூக்கினார்களாம்.

இருவரும் முதலில் போனது ஹாஜியாரின் வீட்டுக்கு. மிஸ்டர் டீன் தங்கியிருந்தது அங்கேதான்.

ஹாஜியாரின் மனைவி றபீக்காவுக்கு மிஸ்டர் டீனைப் பற்றி ஒரே ஒரு முறைப்பாடு. அவர் வந்த நாளிலிருந்து பிரிஜ் அவருடையதாகிவிட்டது. துடைத்தெடுத்த துண்டுகளையெல்லாம் பத்திரிகைக்காரருக்குக் காட்டவேண்டும் என்று அதற்குள் அடுக்கி வைத்திருந்தார். நோன்பு நாளில் அவளுடைய இறைச்சிக்கும் மீனுக்கும் இடமில்லை. ஷரிபுதீன் பார்க்கலாமா என்று கேட்டதும், எடுத்துக்கொண்டே போய்விடுங்கள் என்று முழுத் தட்டையும் வெளியே இழுத்து வைத்தாள்.

கருங்கோப்பி நிறத்தில் உள்ளங்கை அகலத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஈர்க்கு குத்தி, ஈர்க்கின் நுனியில் நம்பர் எழுதிய கடதாசி. ஷரிபுதீன் எண்ணினார். ஒன்றிலிருந்து பதினொன்று. பன்னிரண்டைக் காணவில்லை.

றபீக்கா சத்தியம் செய்தாள். பகல் வரைக்கும் இருந்தது. நோன்பு வீட்டில் யார் தொடப்போகிறார்கள். பிரிஜ்ஜைத் திறந்தது அவளும், சற்று முன் குடிக்கத் தண்ணீர் கேட்ட இந்தத் தம்பியும்தான்.

ஷரிபுதீன் திரும்பினார். சீனித்தம்பி வாசற்படியில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான்.

"வாயில என்னடா?"

"ஈர்க்கு."

"ஈர்க்குல?"

சீனித்தம்பி அதை வாயிலிருந்து எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். நுனியில் கடதாசி நனைந்திருந்தது.

"நம்பர், காக்கா. பன்னிரண்டு."

றபீக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். சிரிக்கவா, ஏசவா என்பது தெரியவில்லை. ஷரிபுதீன் கண்ணை மூடி ஏதோ ஓதினார். பிறகு குறுக்கு விசாரணையைத் தொடங்கினார்.

"ஏன்டா திண்டாய்?"

"நோன்பு உங்களுக்கு. எனக்குக் காலம்புறம் திண்ட பிட்டு. தண்ணி எடுக்கத் திறந்தன், கடற்பாசியக் கண்டன். மற்றதெல்லாம் கறுப்பு, இது ஒண்டுதான் திங்கிற மாதிரிக் கிடந்திச்சி."

"என்ன ருசி?"

"ஒரு ருசியும் இல்ல. ராத்தா சீனி போட மறந்துட்டா எண்டு நினைச்சன். பெரிய வீடு, மிச்சம் வெச்சா மனம் நோகுமெண்டு முழுக்கத் திண்டன்."

"நிறம்?"

"கண்ணாடி. அதுக்குள்ளால பிரிஜ் லைட் தெரிஞ்சிச்சி."

ஷரிபுதீன் பதினோராவது துண்டை எடுத்து அவனுடைய மூக்கருகே நீட்டினார். மோந்து பார்த்த சீனித்தம்பி, கஞ்சிப் பானையின் அடி மணக்கிறது, இப்படி ஒன்றை நாய்கூடத் தின்னாது என்றான். அவன் தின்றதில் இந்த மணம் இருந்ததா என்று கேட்டார். இல்லவே இல்லை என்று தன் தாயின் தலையில் சத்தியம் செய்தான்.

குசினிக்குள்ளிருந்து றபீக்காவின் குரல் வந்தது. "அத நான் நேத்தே கண்டன். துண்ட உரிச்சுப் போட்ட மத்தப் பதினொரு தட்டும் தேச்சுத் தேச்சு என்ட கை போச்சி. பன்னிரண்டாம் தட்டு மட்டும் வெள்ளையா வந்திச்சி. அந்த மூலைக்கு மட்டும் புகை போகல்லயாக்கும்."

அந்த வீட்டில் அன்று பேசப்பட்ட ஒரே அறிவான வாக்கியம் அது. ஹாஜியார் வீட்டில் இருந்திருந்தால் அதையும் பேச விட்டிருக்க மாட்டார்.

ஷரிபுதீன் மெல்லச் சிரித்தார். "கேளுடா. முப்பத்தாறு வருசமா அந்தப் பேரப் புகை மூடிக் கிடந்ததாம். துடைச்சாராம், பேர் வந்ததாம். அப்ப அந்த மூலையில இருந்த புகை எங்க? கடற்பாசியில இல்ல. தட்டுல இல்ல. உன்ட வயித்துலயும் இல்ல."

"அப்ப?"

"படத்துலயே கிடக்கு. அந்தாள் துடைக்கவே இல்ல. துண்டக் கணக்குக்கு வெட்டி வெச்சிட்டு, புகைக்கு மேல வைக்கோல் நிறத்தப் பூசி, அதுக்கு மேல வெள்ளைக்காரிர பேர எழுதி இருக்கான். துடைச்சா யார்ட பேர் வருமெண்டு அவனுக்குத் தெரியும்."

"மறுகா என்ன, போய்ச் சொல்லுவம்."

"எதக் காட்டிச் சொல்ற? உன்ட வயித்தக் கோர்ட்டுல தடயப் பொருளாப் போட ஏலுமா?"

சீனித்தம்பி தன் வயிற்றைத் தடவிப் பார்த்தான். காலையில் பிட்டு, மத்தியானம் சாட்சி. அவன் வாழ்க்கையிலேயே அது இவ்வளவு முக்கியமாக இருந்ததில்லை.

மோட்டார் சைக்கிள் கடற்கரைப் பக்கம் கமீலாவின் வீட்டுக்குப் போனது. நோன்பு திறக்க என்ன செய்திருக்கிறாய் என்று ஷரிபுதீன் கேட்டார். வழக்கை விட்டுவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்று அவளுக்கு முகம் சுருங்கியது. கடற்பாசி என்றாள். பாலும் நிறமும் போடாதது, சீனி மட்டும் போட்டது. தட்டோடு எடுத்துக்கொண்டு வாசிகசாலைக்கு வரச் சொன்னார்.

ஐந்தே முக்காலுக்கு வாசிகசாலை நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஊரின் பெரியவர்கள், அதாவது ஊரில் கதிரை கிடைத்தவர்கள். கொழும்புப் பத்திரிகைக்காரர் ஒருவர் கொப்பியோடு இருந்தார். மேடையில் படம். அதற்குக் கீழே மாட்டத் தயாராகப் பித்தளைப் பலகை. எழுத்துக் கொத்தியவன் வெள்ளைக்காரியின் பெயரைச் சின்னதாகவும் ஹாஜியாரின் பெயரைப் பெரிதாகவும் கொத்தியிருந்தான். யார் காசு கொடுத்தார்கள் என்பது அவனுக்குத் தெரியும். மிஸ்டர் டீன் அந்தப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் நிபுணர் அதோடு போய்விடுவார்.

ஹாஜியாரின் பேச்சில் உலகக் கலை, கல்முனை, தன்னுடைய தூரநோக்கு ஆகிய மூன்றும் வந்தன. பேச்சு முடிந்ததும் ஷரிபுதீன் எழுந்து, மிஸ்டர் டீனின் முறையால் படத்துக்கு எந்தத் தீங்கும் வராது என்பது உண்மைதானா என்று மிகுந்த பணிவோடு கேட்டார். நூற்றுக்கு நூறு உண்மை என்றார் மிஸ்டர் டீன். அதைப் பத்திரிகைக்காரர் எழுதிக்கொள்ளும்வரை ஷரிபுதீன் காத்திருந்தார்.

"அப்ப அந்த மூலையில இன்னொருக்கா ஒரு துண்டு வைப்பம். இந்தப் புள்ள கொண்டுவந்திருக்கா."

மிஸ்டர் டீனின் முகம் பழைய படத்தைப் போல ஆனது. துடைத்த இடத்தை மறுபடி துடைப்பது விதிமுறையில் இல்லை என்றார். கையெழுத்து மிகப் பழையது என்றார். சீனி கலந்த கடற்பாசி விஞ்ஞானத்துக்கு விரோதம் என்றார். முப்பத்தாறு வருடக் கஞ்சிப் புகைக்கு அசையாத எண்ணெய்ச் சாயம் ஒரு வீட்டுக் கடற்பாசிக்கு ஏன் நடுங்குகிறது என்று ஷரிபுதீன் கேட்டார்.

அந்த இடத்தில் மிஸ்டர் டீனைக் கவிழ்த்தது ஷரிபுதீன் அல்ல. முஸ்தாக் ஹாஜியார்தான். பத்திரிகைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதால் நெஞ்சை நிமிர்த்தி, "வைங்க புள்ள, வைங்க. நம்மட நிபுணர்ட வேல ஒண்டுக்கும் பயப்படாது" என்றார். ஆளை ஆதரித்தே அழிக்கிற இந்தக் கலையில் நம் தலைவர்களுக்கு நிகர் இல்லை.

கமீலா உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டை வெட்டி மூலையில் ஒட்டினாள். அந்த நேரம் பாங்கு கேட்டது. ஈச்சம்பழத்தைக் கடித்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, எல்லோரும் பக்கத்துப் பள்ளிக்குத் தொழப் போனார்கள். பெண்கள் பின்னறைக்குப் போனார்கள். மிஸ்டர் டீன் தான் பயணி, பிறகு தொழுதுகொள்வேன் என்று தங்கினார். தொழாத இன்னொருவனும் மேடையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தான்.

அந்தக் கால் மணித்தியாலத்தில் மிஸ்டர் டீன் சீனித்தம்பிக்குக் கொழும்பில் ஒரு வேலையும் ஒரு புது மோட்டார் சைக்கிளும் தருவதாகச் சொன்னார். வேலை வேண்டாம் என்றான். மோட்டார் சைக்கிளுக்குக் கொஞ்சம் யோசித்தான். பிறகு, "கஞ்சி ஆறுது, குடிங்க சேர்" என்றான்.

தொழுகை முடிந்து எல்லோரும் திரும்பினார்கள். கமீலா துண்டின் ஒரு நுனியைப் பிடித்து உரித்தாள். மஞ்சள் சாயம் கொழகொழவென்று துண்டோடு வந்தது. ஈ. ஹார்க்ரீவ்ஸ் என்ற பெயர் இடம்வலம் மாறிக் கடற்பாசியில் கிடந்தது. படத்தின் மூலையில் எந்தப் பெயரும் இல்லை. வெறும் கறுப்பு.

யாரும் எதிர்பாராதது அடுத்ததாக நடந்தது. மிஸ்டர் டீன் தலையில் கை வைத்துக்கொண்டு, சீனியால் ஓர் அரிய கையெழுத்து அழிந்துவிட்டது, இதற்கு இந்தப் பெண்தான் பொறுப்பு என்று உருக்கமாகச் சொன்னார். சபை அப்படியே கமீலாவின் பக்கம் திரும்பியது. வாப்பா பெயரைத் திருடினார், மகள் அதை அழித்துவிட்டாள் என்று பின்வரிசையில் ஒருவன் சொன்னது முன்வரிசைக்கும் கேட்டது. ஹாஜியார் பித்தளைப் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

கமீலா கத்தியைத் தட்டில் வைத்தாள். ஷரிபுதீன் அவள் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் சொன்னார்:

"இவ்வளவும் நேத்துப் பூசின தண்ணிச் சாயம். புகை இனித்தான் மகள். இன்னொரு துண்டு வெட்டு."

இரண்டாவது துண்டுக்கு அரை மணித்தியாலம் ஆனது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கஞ்சி கோப்பைகளில் ஆறி ஏடு கட்டியது. கண்ணாடிபோல் இருந்த துண்டு மெல்லத் தேயிலைச் சாயமாகி, பிறகு கோப்பியாகி, கடைசியில் ஹாஜியார் வீட்டுப் பிரிஜ்ஜில் இருந்த பதினொன்றின் நிறத்துக்கு வந்தது. இதுதான்டா உண்மையான பன்னிரண்டு, இதைத் தின்னச் சொன்னாலும் தின்ன மாட்டேன் என்று சீனித்தம்பி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னான்.

உரித்தாள். வைக்கோலின் மேல் சிவப்புச் சாயத்தில், கரும்பலகையில் எழுதிப் பழகிய வாத்தியாரின் குண்டு குண்டான தமிழ் எழுத்து:

அச்சிமுகம்மது, 1961.

பத்திரிகைக்காரர் மிஸ்டர் டீனைத் தேடினார். வேன் புறப்படும் சத்தம் மட்டும் கேட்டது. நிபுணர்களின் வேகத்தை அளக்க நம்மிடம் கருவி இல்லை. கல்முனையில் கிளம்பிய புழுதி மருதமுனையில் அடங்கியது என்று மறுநாள் சொன்னார்கள்.

ஹாஜியார் அந்தப் பெயரை இரண்டு தடவை வாசித்தார். அவருக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல, ஏமாற்றம்.

"அப்ப வெள்ளைக்காரி வரையல்லயா? நம்மட அச்சிமுகம்மதுதானா?" பலகையை மேசையில் போட்டார். "அப்ப இதுக்கு ஒரு பெறுமதியும் இல்ல. புகை புடிச்ச பழைய சீலை. இதுக்கா இந்த விழா?"

 சபையில் இரண்டு பேர் ஆமென்று தலையை ஆட்டினார்கள். பத்திரிகைக்காரர் கொப்பியை மூடப் போனவர், கமீலா நடந்து வருவதைப் பார்த்துத் திரும்பவும் திறந்தார்.

அவள் மேடையில் ஏறினாள். குரல் பெரிதாக இல்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"பெறுமதி இல்லாத சாமான வாசிகசாலைல வெச்சி என்னத்துக்கு ஹாஜியார். நான் எடுத்துப் போறன்."

ஹாஜியார் வாயைத் திறந்தார். அதற்குள் ஷரிபுதீன், "சபையில சொன்னத மூணு பாஷைலயும் எழுதித் தரட்டா ஹாஜியார்? இவரும் குறிச்சி வெச்சிருக்கார்" என்று பத்திரிகைக்காரரைக் காட்டினார். ஹாஜியார் வாயை மூடினார். அன்று அவர் செய்த இரண்டாவது நல்ல காரியம் அது.

படத்தைக் கொக்கியிலிருந்து கழற்றச் சீனித்தம்பி ஒரு பக்கம் பிடித்தான். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டான். வேண்டாம், நடக்கிறேன் என்றாள். கடற்கரைப் பக்கம் இருக்கிற அவள் வீட்டுக்குப் பின்ஒழுங்கையால் ஐந்து நிமிடம். அவள் பின்ஒழுங்கைக்குத் திரும்பவில்லை. தராவீஹ் தொழுகைக்கு ஊர் முழுவதும் இறங்கி வருகிற நேரம் அது. படத்தின் முகத்தை வெளிப்பக்கம் திருப்பி, கீழ் மூலையைக் கை மறைக்காமல் பிடித்துக்கொண்டு, கடை விளக்குகள் எரிகிற மெயின் ரோட்டின் நடுவால், ஒவ்வொருவரும் வாசித்து முடிக்கிற வேகத்தில், கமீலா நடந்து போனாள்.